கல்விக்காக ஊர் ஊராய் நடந்த கார்வர்

கல்வி கற்க ஊர் விட்டு ஊர் செல்வது எல்லா மக்களுக்கும் பொதுவான செய்தியே. ஆயினும், புதிய ஊரில் காலடி வைத்ததும் தன் அறிவை அளப்பார்களா, தன் பிறப்பை அளப்பார்களா என்று அஞ்சிக்கொண்டே செல்ல வேண்டிய நிலை எல்லாருக்கும் நேர்வதில்லை. அந்நிலைக்கு உள்ளாகியும் உலகம் போற்றும் அறிவியலாளராக உயர்ந்த ஒருவரின் வரலாற்றை, நம் வெள்ளி விழா மலரைப் படிக்கும் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். அவர்தாம் அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பெருமகனார் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

கார்வர் பிறந்த நாள் இன்னதென்று எவருக்கும் தெரியாது. அடிமையின் பிள்ளைக்குப் பிறந்த நாள் குறித்து வைப்பார் யார்? 1864-ஆம் ஆண்டையொட்டி, மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்னும் சிற்றூரின் அருகில், மோசஸ் கார்வர் என்ற வெள்ளையரின் பண்ணையில் அவர் பிறந்தார். அவருடைய தாய் மேரி, 700 டாலர் கொடுத்து வாங்கப்பட்ட அடிமைப் பெண். உள்நாட்டுப் போர் நடந்த அக்காலத்தில் கொள்ளையர் கூட்டம் ஒன்று தாயையும் கைக்குழந்தையையும் கவர்ந்து சென்றது. தேடிச் சென்றவர் குழந்தையை மட்டுமே மீட்டு வந்தார். அதற்குக் கைம்மாறாக ஒரு குதிரை கொடுக்கப்பட்டது. தாய் என்ன ஆனார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. பண்ணைக்காரரும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அவர் தமையனையும் தம் இல்லத்திலேயே வளர்த்தனர். நோஞ்சானாக இருந்த ஜார்ஜ், வயல் வேலைக்கு ஏலாமல் சமையல், தையல், துணி வெளுத்தல் ஆகியவற்றைச் சூசன் அம்மையாரிடம் கற்றார். எஞ்சிய பொழுதெல்லாம் காட்டில் செடி கொடிகளோடு கழிந்தது. நோயுற்ற செடிகளை அவரிடம் கொடுத்தால் பிழைத்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் நம்பினர்.

எழுத்தறிவு வேண்டும் என்ற வேட்கை அவருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே எழுந்தது. ஊரிலே ஒரு கட்டடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் அது வழிபாட்டுக் கூடம். மற்ற நாட்களில் அதுவே பள்ளிக்கூடம். ஞாயிறன்று ஜார்ஜ் அதனுள் நுழையலாம். திங்களன்று நுழையக் கூடாது. கடவுளின் முன் உட்காரத் தடையில்லை. கரும்பலகையின் முன் உட்காரத் தடை! இந்த விந்தையை நம் இளைஞர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி ஏறத்தாழ 8 மைல் தொலைவில், நியோஷோ என்ற ஊரில் இருந்தது. 1877-ஆம் ஆண்டு வாக்கில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவனாக ஜார்ஜ் தன்னந்தனியாக அவ்வூருக்கு நடந்தார். முதல் நாள் இரவு ஒரு கொட்டகையில் படுத்துறங்கினார். பள்ளிக்கு அடுத்த வீட்டில் வாழ்ந்த மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பின மூதாட்டியும் அவர் கணவர் ஆண்ட்ரூவும் சிறுவனைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டனர். மரியா மருத்துவச்சியாகவும் சலவைத் தொழிலாளியாகவும் உழைத்தவர். அதுவரை கார்வருடைய ஜார்ஜ் என்று ஒருவரின் உடைமை போலத் தம்மைக் கூறிவந்த சிறுவனை, இனி ஜார்ஜ் கார்வர் என்று தனக்கென ஒரு பெயரோடு நிற்குமாறு பணித்தவர் அவரே. கற்றதையெல்லாம் தம் மக்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்ற அறிவுரையையும் அவர் அளித்தார்.

அப்பள்ளியில் கற்பதற்கு இருந்ததெல்லாம் விரைவில் தீர்ந்தது. ஜார்ஜ் கான்சஸ் மாநிலத்துக்குப் புறப்பட்டார். போர்ட் ஸ்காட் நகரில் வீட்டு வேலை செய்துகொண்டே படித்தார். 1879 மார்ச்சில் அங்கே அவர் கண்ட காட்சி வாழ்நாள் முழுதும் அவரை விட்டு அகலவில்லை. சிறையிலிருந்த கறுப்பர் ஒருவரை வெள்ளையர் கும்பல் வெளியே இழுத்துத் தூக்கிலிட்டுத் தீயிட்டது. சிறுவர் அவ்வூரை விட்டே நீங்கினார். பின்னர் ஒலேத்தா, பாவோலா, மினியாபொலிஸ் எனக் கான்சஸ் மாநிலத்தின் ஊர்கள் பலவற்றில் துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்து, உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தார்.

அடுத்து நேர்ந்ததைத்தான் நாம் சிறப்பாகக் கருதிப் பார்க்க வேண்டும். ஹைலண்ட் என்ற ஊரிலிருந்த கல்லூரிக்கு அவர் அஞ்சல் வழி விண்ணப்பித்தார். மதிப்பெண்களைக் கண்ட கல்லூரியார் இடம் உண்டென்று மறுமொழி விடுத்தனர். 1885-ஆம் ஆண்டளவில் கையில் இருந்ததைச் செலவழித்து அவர் அங்கே சென்று சேர்ந்தார். நேரில் கண்டதும் இடமில்லை என்று கூறிவிட்டனர். கடிதத்தில் இருந்த அறிவும் அதுவே. வந்து நின்ற ஆளும் அவரே. இடையில் தெரிந்தது தோலின் நிறம் ஒன்றுதான்.

ஊர் திரும்பவும் வழியில்லை. அவ்வூரிலே அவருக்காகப் பேசவும் ஆளில்லை. சில காலம் அங்கேயே கூலி வேலை செய்தார். 1886-இல் கான்சஸின் மேற்கே, மரமற்ற புல்வெளியில் அரசு வழங்கிய 160 ஏக்கர் நிலத்தில் குடியேறினார். புல்வேரோடு பெயர்த்தெடுத்த மண்கட்டிகளை அடுக்கித் தம் கையாலேயே வீடு கட்டினார். 17 ஏக்கரைத் தாமே பண்படுத்திப் பயிரிட்டார். வறட்சியும் பனிப்புயலும் அவ்வுழைப்பை வீணாக்கின. ஒரு வாயிற்படியில் கேட்ட ஒரு சொல், அறிவுப் பசி கொண்ட ஓர் இளைஞரின் வாழ்வில் ஐந்தாண்டுகளை விழுங்கிவிட்டது. ஒடுக்கப்பட்டோர் வாழ்வில் இத்தகைய இழப்புகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பின்பு அவர் அயோவா மாநிலத்தின் வின்டர்செட் நகரை அடைந்தார். அங்கே மில்ஹாலண்ட் என்னும் வெள்ளையர் குடும்பத்தார் அவருடைய திறமையை உணர்ந்து, மீண்டும் கல்லூரிக்கு முயலுமாறு வற்புறுத்தினர். ஒரு முறை அவமதிக்கப்பட்டவர் மறுமுறை கதவைத் தட்டத் தயங்குவது இயல்பே. கார்வரும் தயங்கினார், ஆயினும் தட்டினார். 1890 செப்டம்பரில் இண்டியனோலா நகரின் சிம்ப்சன் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. கட்டணம் செலுத்தியபின் கையில் மிஞ்சியவை சில காசுகளே. மக்காச்சோள மாவையும் சிறிது மாட்டுக் கொழுப்பையும் வாங்கி நாட்களைக் கடத்தினார். ஒரு குடிசையில் தங்கி மாணவர்களின் துணிகளை வெளுத்தார். சக மாணவர்கள் அவர் இல்லாத வேளையில் நாற்காலியும் மேசையும் வாங்கிவைத்துச் சென்றனர். தாமும் ஒரு மனிதரே என்ற உணர்வை அங்கேதான் பெற்றதாக அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்.

ஓவியம் பயிலச் சேர்ந்த அவருடைய தாவர அறிவைக் கண்டவர் எட்டா பட் என்ற ஆசிரியை. ஏம்ஸ் நகரிலிருந்த அயோவா வேளாண்மைக் கல்லூரியில் தம் தந்தையார் பேராசிரியராக இருந்தமையால், அங்கே சென்று பயிலுமாறு அவர் வழிகாட்டினார். 1891-இல் அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராகக் கார்வர் அடியெடுத்து வைத்தார்.

முதல் நாளே வசைச்சொற்கள் அவரை எதிர்கொண்டன. மாணவர் விடுதியில் அறை கிடைக்கவில்லை. உணவுக் கூடத்தில் மற்ற மாணவரோடு அமர இசைவு கிடைக்கவில்லை. அடித்தளத்தில் பண்ணைக் கூலியாட்களோடு உண்ணுமாறு ஏவப்பட்டார். உழைப்பாளிகளோடு அமர்வது இழிவன்று. மாணவனை மாணவன் அல்லன் என்று பிரித்து அனுப்பியதே இழிவு. இச்செய்தி இண்டியனோலாவுக்கு எட்டியது. அங்கே அவரை அறிந்திருந்த லிஸ்டன் என்னும் வெள்ளையர் குல அம்மையார், தம்மிடமிருந்த நல்லாடையை உடுத்திக்கொண்டு புகைவண்டியேறி ஏம்ஸ் வந்தார். கல்லூரி வளாகம் முழுவதும் கார்வரோடு நடந்தார். அடித்தளத்தில் அவரோடு அமர்ந்து உண்டார். யாரையும் கடிந்து பேசவில்லை, வழக்குத் தொடுக்கவில்லை. ஆயினும் அந்நாள் தொட்டு நிலைமை மாறத் தொடங்கியது. தங்குவதற்கும் பேராசிரியர்கள் இடம் ஏற்பாடு செய்தனர்.

அங்கே 1894-இல் இளங்கலை அறிவியல் பட்டமும், 1896-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார் கார்வர். தாவர நோய்க் காளான்களை ஆராய்வதில் வல்லுநரானார். எந்தக் கல்லூரியில் அடித்தளத்துக்கு அனுப்பப்பட்டாரோ, அதே கல்லூரியில் கற்பிக்கும் முதல் கறுப்பினத்தவரும் ஆனார். அங்கிருந்த ஆசிரியர் ஒருவரின் சிறு மகன் அவருடன் வயல்வெளிகளில் உலவிச் செடிகளைப் பற்றிக் கற்றான். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக விளங்கிய ஹென்றி வாலஸ் அச்சிறுவனே.

ஏம்ஸில் தொடர்ந்து இருந்திருந்தால் நல்ல ஊதியமும் அமைதியும் அவருக்கு வாய்த்திருக்கும். ஆனால், 1896-இல் புக்கர் டி. வாஷிங்டன் அழைத்தார். முன்னாள் அடிமைகளின் பிள்ளைகளுக்காக 1881-இல் தொடங்கப்பட்ட டஸ்கிஜி கல்விக்கூடத்துக்கு, இனவெறி மிக்க அலபாமாவுக்குக் கார்வர் மனமுவந்து சென்றார். மரியா அம்மையாரின் அறிவுரையை அவர் மறக்கவில்லை.

அங்கே ஆய்வுக்கூடம் என்று ஒன்று இல்லை. குப்பையில் கிடந்த புட்டிகளையும் தகரங்களையும் பொறுக்கி மாணவர்களோடு ஆய்வுக் கருவிகள் செய்தார். ஆண்டுதோறும் பருத்தியே பயிரிட்டதால் நிலம் சாரமற்றுப் போயிருந்தது. தட்டைப்பயறும் நிலக்கடலையும் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பவை. அவற்றை மாற்றி மாற்றிப் பயிரிட்டால் நிலம் வளம் பெறும் என்று ஏழைக் குடியானவர்களுக்கு விளக்கினார். 1906-இல் ஒரு வண்டியையே நடமாடும் வேளாண்மைப் பள்ளியாக்கிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். எளிய நடையில் 44 சிற்றேடுகள் வெளியிட்டார். விளைந்த கடலையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் கொண்டு செய்யத்தக்க நூற்றுக்கணக்கான பொருள்களைக் காட்டினார்.

தம்மவரிடையேயும் அவருக்கு எல்லாம் இனிதாக அமையவில்லை. அவருக்குக் கூடுதல் ஊதியமும் இரண்டு அறைகளும் அளிக்கப்பட்டமை கண்டு உடனாசிரியர் சிலர் புழுங்கினர். அவர் நிறம் மிகக் கறுப்பு என்பதையும் குறையாகக் கண்டோர் இருந்தனர். ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே மேல் கீழ் பார்க்கும் நோய் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இது சான்று.

புகழ் வளர்ந்த பின்னும் கதவுகள் மூடியே இருந்தன. 1920-இல் மாண்ட்கமரி நகரில் கடலை உற்பத்தியாளர் மாநாட்டில் உரையாற்ற அழைக்கப்பட்டவர், விடுதியின் முன்வாயிலில் மறுக்கப்பட்டுச் சரக்கு ஏற்றும் மின்தூக்கியில் மேலே சென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பேரவைக் குழுவின் முன் பேச அவருக்கு 10 நிமிடம் ஒதுக்கப்பட்டது. தொடக்கத்தில் இனத்தைக் குத்திக் காட்டும் கேலி எழுந்தது. அவர் கலங்காமல் தம் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். முடிவில் விரும்பும் வரை பேசலாம் என்று நேர வரம்பையே நீக்கினர். 1939-இல், எழுபதைக் கடந்த முதுமையிலும், நியூயார்க்கின் பெரிய விடுதி ஒன்றில் முன்பதிவு செய்திருந்தும் அறை தரப்படாமல் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

கார்வர் இனப் பிரிவினைச் சட்டங்களை வெளிப்படையாக எதிர்த்துக் குரல் கொடுக்கவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. சரக்கு மின்தூக்கியில் ஏறிச் சென்றவரின் பொறுமை பெரிதே. ஆனால் அந்த முன்வாயில் பொறுமையால் திறக்கவில்லை. பிற்காலத்தில் பிறர் நடத்திய போராட்டத்தாலும் சட்டத்தாலுமே திறந்தது. அறிவு ஒருவரை உயர்த்தும். உரிமைப் போராட்டமே எல்லாரையும் உயர்த்தும். இரண்டும் நமக்கு வேண்டும்.

மணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்வு வாழ்ந்த அப்பெரியார், வாழ்நாள் சேமிப்பைத் தம் பெயரால் 1940-இல் அமைந்த ஆராய்ச்சி அறக்கட்டளைக்கே அளித்தார். 1943 ஜனவரி 5 அன்று மறைந்தார். அவ்வாண்டு ஜூலையிலேயே, அவர் அடிமைக் குழந்தையாகப் பிறந்த பண்ணையைத் தேசிய நினைவிடமாக்க அமெரிக்க அரசு சட்டமியற்றியது. கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்நாடு அமைத்த முதல் தேசிய நினைவிடம் அதுவே.

இளைஞர்களே! கார்வரின் வரலாற்றில் விடாமுயற்சியை மட்டும் காண்பது போதாது. அவர் வென்ற ஊர்களையும் வீழ்ந்த ஊரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நியோஷோவில் ஒரு மரியா இருந்தார். வின்டர்செட்டில் ஒரு குடும்பம் இருந்தது. ஏம்ஸில் உடன் உட்கார்ந்து உண்ண ஒரு லிஸ்டன் அம்மையார் வந்தார். ஹைலண்டில் மட்டும் யாரும் இல்லை. திறமை நான்கு ஊரிலும் ஒன்றே, துணைதான் வேறுபட்டது.

ஆகவே, நம் பிள்ளை ஒருவன் அல்லது ஒருத்தி புதிய நகருக்குப் படிக்கச் செல்லும்போது, அங்கே தங்க ஓர் இடமும், தட்டிக் கேட்க ஒரு குரலும், உடன் அமர்ந்து உண்ண ஒருவரும் இருக்கச் செய்வது கல்விச் சங்கம் என்று பெயர் பூண்டோரின் முதற்கடன். முன்னே சென்றவர்கள் பின்னே வருவோரின் முகவரியாக வேண்டும். எந்த ஊரும் நம் மாணவருக்கு ஹைலண்ட் ஆகாமல் காப்போமாக!