எஸ்.ஆர். இரங்கநாதனின் வாழ்வும் நூல் தெரிவு நெறியும்: வடசென்னைப் பொது நூலகங்களை முன்வைத்து

முன்னுரை

நூலகத்தின் தரத்தை அதிலுள்ள நூல்களின் எண்ணிக்கையால் அளப்பதா, அவை படிக்கப்படும் அளவால் அளப்பதா என்னும் வினா, சீர்காழி இராமாமிருத இரங்கநாதனின் (1892–1972) வாழ்வோடு பிணைந்தது. அவ்வாழ்வை நூல் தெரிவு என்னும் கோணத்தில் இக்கட்டுரை நோக்குகிறது.

நூலகரானமை

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்ற இரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வாசகர் அருகிய அவ்விடம் அவருக்குத் தொடக்கத்தில் உவப்பளிக்கவில்லை. மீண்டும் வகுப்பறைக்குச் செல்லவே விழைந்தார். அவ்வாண்டிலேயே பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, சமூகத்தின் பல பிரிவினர்க்கும் பணிபுரியும் பொது நூலகங்களைக் கண்டார். அக்காட்சி அவர்தம் எண்ணத்தை மாற்றியது. 1925இல் திரும்பியபின் நூலடுக்குகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார்; நூலக நேரத்தையும் நீட்டித்தார்.

விதிகளும் சட்டமும்

1931இல் நூலாக வெளிவந்த அவருடைய ஐந்து விதிகள் நூலின் பயன்பாட்டை முதன்மைப்படுத்துவன. வாசகர்க்கேற்ற நூலும் நூலுக்கேற்ற வாசகரும் கூடவேண்டும் என்பதே அவற்றின் நடுக்கருத்து. வாசகரை அறியாது நூலைத் தெரிவுசெய்தல் ஆகாது என்பது இதனின்று பெறப்படும். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் வழி அவர் நூலகச் சட்டத்திற்காகவும் உழைத்தார். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் அவ்வுழைப்பின் பயனாகும். சொத்துவரியோடு தண்டப்படும் நூலகவரி அச்சட்டத்தால் வந்தது.

வடசென்னைக்குப் பொருத்தம்

இந்நெறியை இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் பொருத்திப் பார்க்கலாம். துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைகளிலும் அனல்மின் நிலையங்களிலும் முறைப்பணி செய்வோர், போட்டித் தேர்வுக்குப் பயிலும் அவர்தம் பிள்ளைகள் ஆகியோர் இங்குள்ள வாசகர். தமிழகப் பொது நூலகங்களுக்கான நூல்களோ பெரும்பாலும் மையமாகத் தெரிவு செய்யப்பட்டுக் கிளைகளுக்கு அனுப்பப்படுகின்றன. இம்முறை சிற்றூர்க் கிளைக்கும் நூல் கிடைக்க வழிசெய்கிறது. எனினும் கடல்தொழில், இயந்திரப் பணி, தொழிலாளர் சட்டம் சார்ந்த உள்ளூர்த் தேவை அதில் மறைந்துபோக இடமுண்டு. இரவல் பதிவேடும், வாசகர் கேட்டுக் கிடைக்காத நூல்களின் பட்டியலும் அத்தேவையை நூலகர்க்குக் காட்டவல்லன. இரவுப்பணி முடித்து வருவோர்க்கு நூலகம் திறந்திருக்கும் நேரமும் நூல் தெரிவைப் போன்றே இன்றியமையாதது.

முடிவுரை

இரங்கநாதன் 1972இல் பெங்களூரில் மறைந்தார். வரி செலுத்தும் குடிமகன் தனக்குரிய நூலைக் கிளை நூலகத்தில் பெறும்போதே அவர் வகுத்த நெறி நிறைவுறும். அதற்கு நூல் தெரிவில் கிளை நூலகர்க்கும் உள்ளூர் வாசகர்க்கும் உரிய பங்கு அளித்தல் வேண்டும்.