பூசணம் சேர்த்த டாக்டர் பட்லர்

தில்லியில் பூசா ரோடு தெரியாத தமிழர் இருக்க மாட்டார். ஆனால் அங்குள்ள விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில், நோய் கண்ட இலைகளும் தண்டுகளும் காகித உறைகளில் ஆயிரக்கணக்கில் பத்திரமாக இருப்பது பலருக்குத் தெரியாது. அந்தச் சேகரிப்பைத் தொடங்கியவர் ஓர் அயர்லாந்துக்காரர்.

எட்வின் ஜான் பட்லர் 1874-ல் கில்கீ என்ற கடற்கரையூரில் பிறந்தார். கார்க் நகரில் வைத்தியம் படித்து 1898-ல் டாக்டரானார். ஆனால் பேராசிரியர் ஹார்டாக் காட்டிய நீர்ப் பூசணங்கள் அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டன. வைத்தியத்தை விட்டுவிட்டுப் பூசணத்தின் பின்னால் போனார். நம் வீடுகளில் என்றால் ரகளையே நடந்திருக்கும்!

1901-ல் இந்திய சர்க்காரின் முதல் பூசண நிபுணராகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். பிறகு டேராடூனில் சில காலம். அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் தந்த நன்கொடையைக் கொண்டு பீகாரில் பூசா என்ற ஊரில் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியதும், 1905-ல் அங்கே போனார். கோதுமைத் துரு, கரும்பின் செவ்வழுகல், துவரை வாடல் என்று குடியானவர் வயிற்றில் அடிக்கும் நோய்களையெல்லாம் ஆராய்ந்தார்.

அவற்றுள் பனைமரக் கதை நமக்கு நெருக்கமானது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கோதாவரி ஜில்லாவில் பனைகள் குருத்தழுகிச் செத்துக்கொண்டிருந்தன. தென்னைக்கும் ஆபத்து வந்தது. பனைக்கு உள்ளது ஒரே குருத்து. அது போனால் மரமே போயிற்று. கள்ளும் வெல்லமும் ஓலையும் நம்பிப் பிழைத்த குடும்பங்களின் கதி என்ன? பட்லர் நோய்க் கிருமியைக் கண்டுபிடித்து 1907-ல் பெயரிட்டார். நோயுற்ற கொண்டைகளை வெட்டி எரிக்கச் சொன்னார். அந்த வேலை பல வருஷங்கள் நடந்தது. கிருமியை முதலில் ஓர் இனத்தில் சேர்த்தவர், 1919-ல் தாமே திருத்தி வேறோர் இனத்துக்கு மாற்றினார்.

இப்படித் திருத்துவதற்குத்தான் மாதிரிகள் வேண்டும். நோயுள்ள இலையைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி உறையில் போடுவார்கள். எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி, எடுத்தவர் யார் என்று மேலே எழுதுவார்கள். நாளைக்கு ஒருவர் சந்தேகப்பட்டால் உறையைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆபீஸ் பைலைப் போலத்தான். என்ன, இந்தப் பைலைப் பூச்சியும் ஈரமும் சீக்கிரம் தின்றுவிடும்.

பட்லர் இந்தியாவை விட்டுப் போய், லண்டனையடுத்த கியூவில் பூசண ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். இந்தியப் பூசணங்களின் பட்டியலை 1931-ல் பிஸ்பியுடன் சேர்ந்து வெளியிட்டார். 1934 ஜனவரி 15-ந் தேதி பூகம்பத்தில் பூசா கட்டடம் நாசமாயிற்று. 1936-ல் கழகம் தில்லிக்கு வந்தது. ஊர்ப் பெயரோடு உறைகளும் கூடவே வந்தன. சர் பட்டம் பெற்ற பட்லர் 1943-ல் காலமானார்.

அவர் பிறந்த அயர்லாந்தில் 1845-ல் உருளைக்கிழங்கு அழுகி லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். அந்தக் கிருமி, பனைக் கிருமியின் இனத்தையே சேர்ந்தது. அன்று பூசணம் என்றார்கள். இன்று விஞ்ஞானிகள் அதைத் தனிக் கூட்டமாக வைக்கிறார்கள். எந்த வகை அந்தப் பஞ்சத்தை விளைவித்தது என்பது 2013-ல்தான் தெளிவாயிற்று. கியூவிலும் மூனிக்கிலும் உறைகளில் கிடந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காய்ந்த இலைகளிலிருந்து மரபணுவை எடுத்துக் கண்டுபிடித்தார்கள்.