இசைச் செல்வர் கிட்டப்பா

நம் எல்லைப்புறத்துத் திருவிழா மேடைகளில் இன்று ஒரு காட்சியைக் காண்கிறோம். பாடகர் நிற்கிறார், பக்கத்தில் வாத்தியக்காரர் இல்லை. முன்பே பதிவு செய்த பின்னணி இசை ஒலிபெருக்கியில் வருகிறது. சில மேடைகளில் குரலும் அப்படியே வருகிறது. வாய் மட்டும் அசைகிறது! இதைக் காணுந்தோறும் எஸ். ஜி. கிட்டப்பாவின் நினைவு எழுகிறது.

அவர் நமக்கு அந்நியர் அல்லர். 1906இல் அவர் பிறந்த செங்கோட்டையும், நம் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அன்று ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. 1956இல்தான் எல்லைக்கோடு நம்மைப் பிரித்தது.

வறுமை மிகுந்த குடும்பம். பள்ளிப் படிப்புக்கு வழியில்லை. பாலப் பருவத்திலேயே அண்ணன்மாருடன் நாடக மேடை ஏறினார். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் பயின்று, பின்னர் கன்னையா கம்பெனியில் சேர்ந்து புகழின் உச்சியை எட்டினார். இலங்கையில் கே. பி. சுந்தராம்பாளைச் சந்தித்தார், 1927இல் இருவரும் மணந்துகொண்டனர். அவர்கள் இணைந்து நடித்த வள்ளி திருமணத்தைக் காண ஊரே திரண்டது.

அன்றைய மேடையை நினைத்துப் பாருங்கள், தோழர்களே! ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாட வேண்டும். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் அமர்ந்திருப்பார். தம்பி ஒரு சங்கதியைப் புதிதாகப் போட்டால் அண்ணனின் விரல்கள் அந்த நொடியே பின்தொடரும். வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது, அடுத்து வருவது என்ன என்பது எதிரே நிற்பவருக்கே தெரியாது. சபையோர் மறுமுறை கேட்டால் அதே பாட்டு வேறு அழகோடு பிறக்கும். பதிவு செய்த இசைக்கு இவை எதுவும் இயலுமா? அது சபையைப் பார்க்காது. பாடகன் தயங்கினால் காத்திருக்கவும் செய்யாது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. இரவு முழுதும் பாடும் உழைப்பு உடலை வருத்துவது. 1931இல் தமிழ்ப் பேசும் படம் வந்தது. ஆனால் கிட்டப்பா திரையில் தோன்றுமுன்பே, 1933 டிசம்பர் 2ஆம் நாள், 27 வயதில் மறைந்தார். சுந்தராம்பாள் அன்று உடுத்த வெண்ணிற ஆடையை 1980இல் மறையும் வரை மாற்றவில்லை.

இன்று அவர் குரலை நமக்குத் தருவன இசைத்தட்டுகளே. ஆகவே பதிவை இகழ்வது நன்றிகேடு. வாத்தியக்காரருக்குக் கொடுக்கப் பணமில்லாத சிற்றூர்க் குழுவையும் நாம் குறை கூற வேண்டாம். ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. அந்தத் தட்டுகள் ஒரு மனிதன் பாடியதற்குச் சாட்சி. அவனுக்குப் பதிலாகப் பாட வந்தவை அல்ல.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இது பொருந்தும். நம்முள் ஆர்மோனியம் அறிந்தவர் உண்டு. மிருதங்கம் பயில்பவர் உண்டு. சுருதி சற்று விலகலாம், தாளம் தடுமாறலாம். ஆயினும் நாமே பாடுவோம், நாமே வாசிப்போம். கிட்டப்பாவுக்கு அதுவே நாம் செய்யும் மரியாதை.