ரிக்கோவர் விட்டுச்சென்ற பாடம்

சிறிய அணுஉலைகளைப் பற்றிய பேச்சு உலகெங்கும் வலுத்து வருகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு இவற்றுக்கான ஆய்வுத் திட்டத்துக்கு ரூ.20,000 கோடியை அறிவித்தது. 2033-க்குள் குறைந்தது 5 உலைகளை இயக்குவது இலக்கு. தொழிற்சாலையில் தயாரித்து வேண்டிய இடத்தில் பொருத்தலாம், செலவு குறையும், பாதுகாப்பும் கூடும் என்கிறார்கள். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த வாக்குறுதிகளைப் படிக்கும்போது, அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ஹைமன் ரிக்கோவரை நினைத்துக் கொள்கிறேன்.

ரஷியப் பேரரசின் ஆளுகையிலிருந்த போலந்தில் 1900-இல் யூதத் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ரிக்கோவர். குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. சிகாகோவில் பள்ளியில் படித்தபடியே வீடுவீடாகத் தந்தி விநியோகித்தார். 1922-இல் கடற்படைக் கல்விக்கழகத்தில் தேர்ச்சி பெற்றார். 1946-இல் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட பிறகு, நீர்மூழ்கிக் கப்பலுக்குள் அடங்கும் அணுஉலையை உருவாக்குவதே அவரது வாழ்நாள் பணியாயிற்று.

நாட்டிலஸ் கப்பல் 1955 ஜனவரியில் அணுசக்தியால் புறப்பட்டது. 1957-இல் பென்சில்வேனியாவின் ஷிப்பிங்போர்ட்டில் 60 மெகாவாட் மின்நிலையத்தையும் அவரது குழுவே அமைத்தது. அங்கு உற்பத்தியான மின்சாரத்தின் விலை, நிலக்கரி மின்சாரத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

சிறிய உலையைக் கட்டி இயக்கிக் காட்டிய அவர்தான், 1953-இல் ஓர் எச்சரிக்கைக் குறிப்பையும் எழுதினார். காகிதத்தில் உள்ள உலை எப்போதும் சிறியது, எளியது, மலிவானது, விரைவில் முடியக் கூடியது. கட்டப்படும் உலையோ சிக்கலானது, செலவு மிக்கது, காலம் கடந்து முடிவது என்பது அதன் சாரம். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அது பழையதாகிவிடவில்லை.

பாதுகாப்பை அவர் கருவிகளிடம் மட்டும் ஒப்படைக்கவில்லை. அணுப்பிரிவில் சேர விரும்பிய ஒவ்வோர் அதிகாரியையும் தாமே நேர்காணல் செய்தார். புதிய கப்பல்களின் முதல் சோதனை ஓட்டத்தில் தாமும் பயணம் செய்வதை வழக்கமாக்கினார். 1963-இல் த்ரெஷர் நீர்மூழ்கிக் கப்பல் 129 பேருடன் மூழ்கியது. குழாய் இணைப்பு ஒன்று உடைந்து உள்ளே நீர் புகுந்ததும், அதனால் உலை நின்றுபோனதும் காரணமாகக் கருதப்பட்டன. உலையை மீண்டும் இயக்கும் நடைமுறை அதன்பின் விரைவுபடுத்தப்பட்டது.

த்ரீ மைல் தீவு விபத்துக்குப் பிறகு, 1979-இல் நாடாளுமன்றக் குழு அவரது முறைகளை விளக்கக் கேட்டது. பயிற்சி, கடும் தரக்கட்டுப்பாடு, உண்மையை மறைக்காமை ஆகிய அனைத்தும் சேர்ந்தே பாதுகாப்பு என்றும், ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பயனில்லை என்றும் அவர் விளக்கினார்.

அவர் குறைகளற்றவர் அல்லர். கடுஞ்சொல்லுக்குப் பெயர் போனவர். ஒப்பந்த நிறுவனத்திடம் பரிசுகள் பெற்றதற்காக 1985-இல் கண்டிக்கப்பட்டார். தாம் வளர்த்த தொழில்நுட்பம் அதன் ஆபத்துக்கு ஈடான பயனைத் தருகிறதா என்ற ஐயத்தையும், 1982-இல் ஓய்வுபெறும் வேளையில் வெளிப்படையாகவே தெரிவித்தார். செர்னோபில் விபத்து நிகழ்ந்த பத்தே வாரங்களில், 1986 ஜூலையில் மறைந்தார்.

ஒரே வடிவத்தில் பல உலைகளைத் தயாரித்தால் அடக்கவிலை குறையலாம். ஆனால், அந்த வடிவத்தில் உள்ள ஒரு குறை அத்தனை உலைகளிலும் இருக்கும். உலை சிறுத்துவிட்டது என்பதற்காக பயிற்சி, கண்காணிப்பு, கழிவு மேலாண்மை ஆகியவற்றின் செலவு அதே விகிதத்தில் சுருங்கிவிடாது. கடற்படை அச்செலவை நாட்டின் பாதுகாப்புக் கணக்கில் எழுதிக்கொள்ள முடிந்தது. யூனிட் ஒன்றுக்கு எத்தனை ரூபாய் என்று கணக்கிடும் மின்நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. அங்கு முதலில் கைவைக்கப்படுவது பாதுகாப்பாக இருந்தால், மிச்சப்படுத்திய பணம் நிறுவனத்துக்கும் விபத்தின் சுமை அக்கம்பக்கத்து மக்களுக்கும் போய்ச் சேரும்.

ஆகவே, ஒவ்வோர் உலைக்கும் பொறுப்பேற்பவர் யார் என்பதைப் பெயர் சொல்லிச் சுட்டும் சட்டமும், அரசிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் விலகி நிற்கும் ஒழுங்காற்று அமைப்பும் முதலில் வேண்டும். உலைகள் அதன்பின் வரட்டும்.