சாக்லேட் தாளில் மின்னிய பொய்மீன்: யார் இந்த லௌரி ரபாலா?

பின்லாந்து ஏரிகளில் மீன்பிடித்துப் பிழைத்தவர் லௌரி ரபாலா (1905–1974). கூட்டமா போற சின்ன மீன்களில் லேசா தள்ளாடுகிற ஒன்றைத்தான் பெரிய மீன் குறிவைக்குது என்பதைப் படகில் இருந்தே கவனித்தார். 1936-ல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, அதேபோல தள்ளாடி நீந்தும் பொய்மீன் செய்தார்.

சிக்கல் ஃபினிஷிங்கில்தான். செதில் மாதிரி மின்னணும், தண்ணீரும் உள்ளே இறங்கக் கூடாது. வார்னிஷுக்கு வழியில்லை. சாக்லேட் சுற்றி வந்த சில்வர் பேப்பரை ஒட்டி, போட்டோ நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். மீன் சிக்கியது, வீட்டுக்கு வருமானமும் வந்தது.

1962-ல் அமெரிக்காவின் லைஃப் இதழ் இந்தப் பொய்மீனைப் பற்றி எழுதியது. அப்போதுதான் இறந்திருந்த மர்லின் மன்றோ அட்டைப்படத்தில் இருந்ததால் இதழ் பறந்தது, ஆர்டர்கள் குவிந்தன. அதன் பிறகும் ஒவ்வொன்றையும் தண்ணீரில் விட்டு, ஆட்டம் சரியா இருக்கான்னு பார்த்த பிறகே வெளியே அனுப்பினார்கள்.