கல்வெட்டைத் தேடிய கவிஞர்

திருவனந்தபுரத்தைக் காணச் செல்வோர் பத்மநாபசுவாமி கோயிலையும் கிழக்குக் கோட்டையையும் கண்டு வியப்பர். அந்நகரின் பாளையம் பகுதியில் பழைமை வாய்ந்த பல்கலைக்கழகக் கல்லூரியும் உள்ளது. மகாராசர் கல்லூரி என முன்னர் வழங்கிய அக்கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் பெ. சுந்தரம் பிள்ளை.

மதுரையிலிருந்து ஆலப்புழைக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தில் 1855-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர் பெருமாள் பிள்ளை, மாடத்தி அம்மாள் ஆவர். மலையாளம் வழங்கும் ஊரில் வளர்ந்தபோதும் தமிழ் நூல்களை இளமையிலேயே கற்றுத் தேர்ந்தார். 1880-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். திருநெல்வேலியிலும் சில காலம் ஆசிரியப் பணி ஆற்றினார்.

அக்காலத்தில் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றிச் செவிவழிச் செய்திகளே மிகுதியாக வழங்கின. யார் முன்னர் ஆண்டார், யார் பின்னர் ஆண்டார் என்பது தெளிவாக விளங்கவில்லை. சுந்தரனார் கோயில்களில் இருந்த கல்வெட்டுகளைத் தேடிப் படித்தார். அவற்றுட் பல வட்டெழுத்தில் அமைந்தவை. கொல்லம் ஆண்டைக் குறித்தவை. கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குவது. ஆகவே, மணலிக்கரைக் கல்வெட்டிலுள்ள கொல்லம் 410 என்பது ஏறத்தாழ கி.பி. 1235 ஆகும். இவ்வாறு கணக்கிட்டு, வேணாட்டு மன்னர் பலரின் காலத்தை வரையறுத்து, ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர் என்பதையும் சான்றுகாட்டி நிறுவினார்.

ஆராய்ச்சியோடு கவிதையும் அவரிடம் வளர்ந்தது. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி, மனோன்மணீயம் என்னும் நாடகத்தைச் செய்யுளில் இயற்றினார். அது 1891-இல் வெளிவந்தது. அந்நூலைத் தம் ஆசிரியர் ஹார்விக்கு உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த இடத்திற்கும் ஹார்விபுரம் என்றே பெயரிட்டார்.

1897-இல், நாற்பத்திரண்டாம் அகவையில் அவர் மறைந்தார். நாடகத்தின் தொடக்கத்தில் அவர் பாடிய வாழ்த்தின் பகுதியைத் தமிழ்நாடு அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் எழுந்து நின்று பாடும் அப்பாடல், தாயகம் விட்டுப் பெயர்ந்த குடும்பத்தின் மகன், தமிழ்நாட்டிற்கு அப்பாலிருந்து தமிழுக்கு அளித்த கொடையாகும்.