மார்ட்டின் லூதர் கிங் யார் பக்கம்? தன்பாலினத் திருமண விவாதத்தில் தீராத கேள்வி

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மெம்ஃபிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. தன்பாலினத் திருமணம் என்பது அந்நாளில் அரசியல் கேள்வியாகவே எழுந்திருக்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அக்கேள்வி அமெரிக்காவை இரண்டாகப் பிரித்தபோது, ஆதரித்தோரும் எதிர்த்தோரும் அவரது பெயரையே சான்றாகக் காட்டினர். அவருடைய மனைவியும் இளைய மகளும்கூட எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

1929 ஜனவரி 15 அன்று அட்லாண்டாவில் பாப்டிஸ்ட் போதகர் குடும்பத்தில் பிறந்தவர் கிங். பென்சில்வேனியாவில் இறையியல் பயின்ற காலத்தில் வெள்ளை இனப் பெண் ஒருவரைக் காதலித்தார். இனம் கடந்த திருமணம் தென் மாநிலங்களில் குற்றமாக இருந்த காலம் அது. நண்பர்களின் எச்சரிக்கைக்குப் பின் அந்த உறவை முறித்துக்கொண்டார். 1953 ஜூன் 18 அன்று அலபாமாவில் கொரெட்டா ஸ்காட்டை மணந்தார். கறுப்பினத்தவருக்கு அறை தரும் விடுதி அப்பகுதியில் இல்லாததால், மணமக்கள் அன்றிரவைத் தங்கள் குடும்ப நண்பரின் ஈமச்சடங்கு நிலையத்தில் கழித்தனர்.

1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரில் தொடங்கி 381 நாட்கள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பு அவரை நாடறிந்த தலைவராக்கியது. இந்தப் போராட்டத்தின்போதுதான் பேயார்ட் ரஸ்டின் அவரிடம் வந்து சேர்ந்தார். கிங்கின் மனத்தை அறிய விரும்புவோர் முதலில் படிக்க வேண்டியது இவ்விருவரின் உறவைத்தான். இரு தரப்பு வாதங்களிலும் அது முழுமையாக இடம்பெறுவதில்லை.

ரஸ்டின், கிங்கைவிட 17 வயது மூத்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றவர். 1948-இல் இந்தியாவுக்கு வந்து காந்தியவாதிகளைச் சந்தித்தவர். கிங்கின் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டிருந்த நேரம் அது; வீட்டைச் சுற்றி ஆயுதக் காவலும், உள்ளே துப்பாக்கிகளும் இருந்தன. அகிம்சையை நம்புவோர் இல்லத்தில் ஆயுதம் இருக்கலாகாது என்று கிங்குக்கு எடுத்துரைத்தவர்களில் ரஸ்டின் முதன்மையானவர். அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதும், அதன் தொடர்பில் 1953-இல் கலிஃபோர்னியாவில் கைதாகி 60 நாள் தண்டனை பெற்றவர் என்பதும் கிங் அறிந்தவையே.

1958 ஜனவரியில், எபனி இதழில் கிங் எழுதி வந்த கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு சிறுவனின் கடிதம் வந்தது. தனக்குப் பையன்கள் மீதே நாட்டம் எழுவதாகவும், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் அவன் எழுதியிருந்தான். கிங் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பாவம் என்று அஞ்சவைக்கவும் இல்லை. அதே வேளையில் அதனைப் பிறப்பியல்பாகக் கருதாமல், வளர்ப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கமாகக் கருதி, மனநல மருத்துவரை நாடும்படி அறிவுறுத்தினார். ஒரு போதகரின் பதில் என்ற அளவில் அது அக்காலத்துக்குக் கனிவானது. இன்றைய ஆதரவாளர்களுக்கு அது நிறைவளிக்காது.

கடும் சோதனை 1960-இல் வந்தது. ஜனநாயகக் கட்சியின் மாநாட்டுக்கு வெளியே கிங்கும் ரஸ்டினும் போராட்டம் நடத்தத் திட்டமிட்டனர். அதைக் கைவிடாவிட்டால் இருவருக்கும் தகாத உறவு இருப்பதாகப் பொய்யாக அறிவிப்பேன் என்று, கறுப்பினத்தைச் சேர்ந்த ஹார்லெம் காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பாவெல் மிரட்டல் விடுத்தார். ரஸ்டின் தாமாகவே விலக முன்வந்தார். கிங் தடுக்கவில்லை. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் மறு ஆண்டே இதற்காகக் கிங்கை வெளிப்படையாக விமர்சித்தார்.

மூன்றாண்டுகளில் காட்சி மாறியது. 1963 வாஷிங்டன் பேரணியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப், ரஸ்டினையே தமது துணைவராக அமர்த்தினார். பேருந்து, குடிநீர், ஒலிபெருக்கி, கழிப்பறை என அனைத்தையும் இரண்டு மாதங்களுக்குள் ஏற்பாடு செய்தவர் ரஸ்டின். பேரணிக்குச் சில நாட்கள் முன்பு, தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அவரது பழைய கைதைச் செனட் அவையில் எழுப்பினார். இம்முறை தலைவர்கள் எவரும் அவரைக் கைவிடவில்லை. கிங்கும் உடன் நின்றார். ஆகஸ்ட் 28 அன்று சுமார் 2,50,000 பேர் திரண்டனர்.

கிங் உயிருடன் இருந்தபோதே, 1967 ஜூன் 12 அன்று, இனம் கடந்த திருமணத்துக்கான தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. தன்பாலினத் திருமணம் கோரியோர் பிற்காலத்தில் பற்றிக்கொண்ட முதன்மை ஆதாரம் அத்தீர்ப்பே.

2004 அந்த விவாதத்தின் உச்ச ஆண்டு. திருமணத்தை ஆண்-பெண் உறவுக்கு மட்டும் உரியதாக்கும் அரசியல் சட்டத் திருத்த முயற்சியைக் கொரெட்டா மார்ச் மாதம் வெளிப்படையாக எதிர்த்தார். டிசம்பரில், அதே திருத்தத்தைக் கோரி அட்லாண்டாவில் ஆயிரக்கணக்கானோர் நடத்திய ஊர்வலத்தை, மகளும் போதகருமான பெர்னிஸ் கிங் முன்னின்று நடத்தினார். அது கிங்கின் கல்லறை அமைந்த வளாகத்திலிருந்து புறப்பட்டது. மூத்த மகள் யோலாண்டா தாயின் பக்கம். கிங்கின் தம்பி மகள் அல்வீடா எதிர்ப்பாளர். கிங்குடன் களத்தில் நின்ற ஜான் லூயிஸ் 1996 முதலே தன்பாலினத் திருமண உரிமையை ஆதரித்தவர். கொரெட்டா 2006 ஜனவரியில் காலமானார். 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அவ்வுரிமையை வழங்கியபோது, 1967 தீர்ப்பையும் மேற்கோளாகக் கொண்டது.

ரஸ்டின் அதைக் காண இல்லை; 1987-இல் மறைந்துவிட்டார். திருமணத்துக்கு வழியில்லாததால், சொத்துரிமையும் மருத்துவமனையில் உடனிருக்கும் உரிமையும் தம் துணைவருக்குக் கிடைக்க வேண்டி, 1982-இல் அவரைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுத்திருந்தார். ரஸ்டினுக்கு 2013-இல் அதிபர் ஒபாமா அறிவித்த சுதந்திரப் பதக்கத்தை, வெள்ளை மாளிகையில் பெற்றுக்கொண்டவர் அந்தத் துணைவரே.